இராசாத்தி நின்ற வரிசை

இதை எழுதலாமா என்று இராசாத்தியிடமே கேட்டேன். கூலிம் டவுனில் கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் பையைக் கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"எழுதுங்க ஆயாக்கா. ஆனா பேர மாத்தாதீங்க. மாத்துனா நான் ஏதோ ஒளிஞ்சிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அதனால் பேரை அப்படியே எழுதுகிறேன். அவளுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நான் சொல்ல வந்தது அவளுடைய பதினெட்டாம் வயதில் நடந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்தில், கரங்கானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், மூன்றாம் டிவிஷனில் இருந்தோம். நான் பிள்ளைக் கொட்டகை ஆயா. விடிவதற்கு முன்பே தாய்மார்கள் பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தூக்கிவந்து என்னிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணுவது. ஆபீசுக்கு முன்னால் உள்ள செம்மண் திடலில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. கம்பத்துக்கு வலப்பக்கம் ஆண்கள் ஒரு வரிசை, இடப்பக்கம் பெண்கள் ஒரு வரிசை. கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் முருகையா கையில் இரண்டு பேர்ப் புத்தகம் வைத்திருப்பார். ஆண்களுடையது நீல அட்டை, பெண்களுடையது சிவப்பு அட்டை. கொட்டகை வாசலில் நின்றால் எனக்கு எல்லாம் தெரியும்.

இராசாத்தி பிறந்து நாற்பதாம் நாள், அவள் அம்மா பாப்பம்மா வேலைக்குத் திரும்பியபோது என் கையில் கொடுத்த பிள்ளை. நான்தான் குளிப்பாட்டினேன், துடைத்தேன், தொட்டிலில் போட்டு ஆட்டினேன். அவள் பெண் பிள்ளை என்பதில் எனக்கோ தோட்டத்தில் வேறு யாருக்குமோ ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவள் ஓடுவதை முதலில் கண்டுபிடித்தவர் அந்தோணிதாஸ் வாத்தியார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். சாமியார் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிற்றாலயத்தில் ஜெபம் சொல்பவரும் அவர்தான். ஒருநாள் சைக்கிளில் கரங்கானுக்குப் போய்க்கொண்டிருந்தவரை, தோளில் காண்டாக் கம்பும் அதன் இரண்டு முனையிலும் காலி வாளியுமாக ஒரு பெண் மேட்டில் ஓடி முந்திவிட்டுப் போயிருக்கிறாள். வாத்தியார் மிதித்துப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை.

"வாளி ரெண்டும் ஆடவே இல்ல ஆயாம்மா, தண்ணியில மெதக்குற மாதிரி போவுது," என்று என்னிடம் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு வேலை முடிந்த பின்னேரங்களில் பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு அவளை ஓட வைத்தார். எண்ணூறு மீட்டர்தான் அவளுக்கு வாய்த்தது. கூலிம் மாவட்டத்தில் ஜெயித்தாள், கெடாவில் ஜெயித்தாள். எழுபத்தெட்டில் கோலாலம்பூர் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு போட்டி. நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடப்போகிறவர்களில் அவள் பேரும் இருந்தது.

"பொம்பளத் தொண இல்லாம எம் மகள அனுப்ப மாட்டேன்," என்று பாப்பம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அதனால் கொட்டகையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

முகாமில் மூன்றாம் நாள், போட்டிக்குப் போகும் பெண்கள் பதினொரு பேரையும் ஓர் அறைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். உள்ளே ஒரு லேடி டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒன்றால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து வைத்தார். அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை.

கேதரின் என்று ஆறடி உயரத்தில் ஒரு பெண், உயரம் தாண்டுகிறவள். "காலையில நான் ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் தின்னத கண்டுபிடிச்சிடுவாங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இராசாத்திதான் ரொம்பச் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பத்துப் பேருக்குப் படம் ஒட்டிய அட்டை வந்தது. அந்த அட்டை இருந்தால்தான் பெண்கள் போட்டியில் ஓட விடுவார்களாம். இராசாத்திக்கு வரவில்லை.

குழுவின் மேனேஜர் டெஸ்மண்ட் எங்கள் இருவரையும் படிக்கட்டுக்குக் கீழே தனியாகக் கூப்பிட்டார். பினாங்குக்காரர். நன்றாக உடுத்துவார், மெதுவாகப் பேசுவார். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"சோதனையில இவ பொண்ணுன்னு காட்டல."

எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. மண்டைக்குள் ஏறவில்லை. "என்ன சார் சொல்றீங்க?" என்றேன்.

"தப்பா கூட இருக்கலாம். நான் கமிட்டியில பேசிப் பாக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை பேரு அனுப்பணும். அதுக்குள்ள உங்ககிட்ட ஏதாச்சும் அத்தாட்சி இருந்தா கொண்டாங்க. வெளிய யாருக்கும் சொல்லாதீங்க. இந்தப் பேச்சு பரவுச்சுன்னா இந்தப் பிள்ளையோட வாழ்க்கையே போயிடும்."

இராசாத்தி தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் பட்டர்வொர்த் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தோட்டத்துக்கு வந்ததும் நடந்ததை வாத்தியாரிடமும் பாப்பம்மாவிடமும் மட்டும் சொன்னோம். வாத்தியார் கலங்கவில்லை. "ஏதோ பேப்பர் குழப்பம். அத்தாட்சிதானே கேட்டாங்க? அள்ளிக் குடுத்துடலாம்," என்றார்.

எங்களுக்குத் தெரிந்த அத்தாட்சி என்ன? பிறப்புப் பத்திரம் இருந்தது. அதில் பெண் என்றுதான் போட்டிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஒரு கடிதம் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு பெண்ணைப் பெண் என்று எப்படி நிரூபிப்பது? வாத்தியாருக்கு ஒரு யோசனை வந்தது.

"பாப்பம்மா, போன வருஷம் சடங்கு வச்சீங்களே, கூலிம் ஸ்டூடியோக்காரன் வந்து போட்டோ எடுத்தானே, அதக் குடுங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பாப்பம்மா பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்தாள். பட்டுப் புடவையில், மாலையும் நெற்றிச் சுட்டியுமாக இராசாத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் பெண்கள் சீர்த்தட்டோடு நிற்கிறார்கள். போட்டோவை வாத்தியாரிடம் நீட்டினாள். அவள் வாத்தியாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

சடங்குக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பாப்பம்மா கொட்டகைக்கு வந்து என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். "பதினேழு முடியப்போவுது அக்கா. இன்னும் வயசுக்கு வரல. லயத்து வீடுங்கள்ல வாய் வச்சிப் பேச ஆரம்பிச்சிட்டாளுங்க. மருதம்மா என் காதுபட, 'உம் மக ஆம்பளச் சிறுக்கியாடி'ன்னு கேக்குறா." நான் முதுகைத் தடவிவிட்டு, சில பேருக்குத் தாமதமாகும், புனித அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு வாரம் கழித்து வாழைமரம் கட்டி, ரெக்கார்டு போட்டு, தோட்டமே சாப்பிடச் சடங்கு நடந்தது. அந்தப் பதினான்கு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் பேரைக் காப்பாற்றுகிறாள், நமக்கென்ன என்று வாழைப்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் போட்டோவில் நின்றேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கூட அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வாத்தியார், இராசாத்தி, நான் மூவரும் கூலிமுக்குப் போனோம். துணிக்கடைக்கு மேல்மாடியில் சத்தியக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் பெரியவர் ஒருவரின் ஆபீஸ். அங்கே டைப் அடிக்கிறவன் பழனியாண்டி. முன்பு எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்து டவுனுக்குப் போனவன். வாத்தியார் மலாயில் எழுதிக் கொடுத்ததை அவன் அடித்தான். சத்தியம் செய்ய வேண்டியது நான். வளர்த்த ஆயா.

"நான் படிக்கிறேன், கேட்டுக்கிட்டு வலது கையத் தூக்குங்கம்மா," என்றார் வாத்தியார். தமிழில் சொன்னார். "ஒண்ணு, இந்தப் பிள்ளைய நாப்பதாம் நாள்லேருந்து குளிப்பாட்டி வளத்தது நான், இவ பெண் பிள்ளை. ரெண்டு, இவ தோட்டத்துல பெண்ணா வளந்து, பெண்ணா பேர் பதிஞ்சி வேலை செய்யிறா. மூணு, போன வருஷம் இவ வயசுக்கு வந்தத நான் நேர்ல அறிவேன்."

கையைத் தூக்கினேன். இன்னொரு கையில் ஜெபமாலையின் சிலுவை இருந்தது. மூன்றையும் ஆமாம் என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பிள்ளை ஓடுவாள். சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் பேர் போய்விடும். என் ஒருத்தியின் வாயில் அவளுடைய ஓட்டம் இருந்தது. மின்விசிறி கறக் கறக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மூணாவது வேணாம் சார்," என்றேன்.

"அதுதாம்மா முக்கியம்."

"என்னால சொல்ல முடியாது."

வாத்தியாருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். போட்டோவை எடுத்து மேசையில் தட்டி வைத்தார். "இது யாரு? வாழப்பழத் தட்டோட நிக்கிறது யாரு? நீங்கதானே! தட்டு தூக்கத் தெரிஞ்சது, சாட்சி சொல்லத் தெரியலயா? இந்தப் பிள்ள ராவும் பகலும் ஓடுனது உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தூக்கிய கையை இறக்கவும் தெரியவில்லை.

"ஆயாக்காவப் போட்டு அரிக்காதீங்க சார்." இராசாத்தியின் குரல். "நான் வயசுக்கு வரல. இன்னி வரைக்கும் வரல. அம்மா சும்மா சடங்கு வச்சாங்க. எனக்குத் தெரியும். ஆயாக்காவுக்கும் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சி."

டைப் சத்தம் நின்றது. பழனியாண்டி விசைமேல் விரலை வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டார். பிறகு எழுந்து, மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்தார். "மத்த ரெண்டும் உண்மைதானேம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"சத்தியமா உண்மை சார்," என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க எதையும் சொன்னதில்லை. பெரியவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை டெஸ்மண்ட் மோட்டார் காடியில் வந்தார். கூலிம் பாசாருக்கு எதிரில் உள்ள காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். வாத்தியார் பிறப்புப் பத்திரம், டிரெசர் கடிதம், சத்தியக் கடிதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். போட்டோவை மட்டும் வைக்கவில்லை. டெஸ்மண்ட் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"மாஸ்டர், இதெல்லாம் அவங்களுக்குத் தேவையில்ல. அத்தாட்சி கேட்டது என் தப்பு. அன்னிக்கி எனக்கே சரியா வெளங்கல. பொண்ணுங்க ஒடம்பு அணுவுல ஒரு சின்னப் புள்ளி தெரியணுமாம். இவளுக்கு அது இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டாங்க."

"புள்ளி இல்லாட்டி ஆம்பளையா?" என்றார் வாத்தியார்.

"ஆம்பளன்னு யாரும் சொல்லல லா. லேடி டாக்டரே எழுதியிருக்காங்க, இப்படியும் பொண்ணுங்க பொறக்குறாங்க, இன்னும் ஆராய்ச்சி செய்யாம முடிவு கட்டக் கூடாதுன்னு. ஆனா கமிட்டிக்கு நேரம் இல்ல. அட்டை இல்லாதவளக் கூட்டிட்டுப் போயி அங்க யாராவது கேள்வி கேட்டா? மத்த பொண்ணுங்களும் பாடுபட்டுத்தானே வந்திருக்காங்க? அவங்களுக்கு நியாயம் வேணாமா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது காப்பிக் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அங்கே வந்ததிலிருந்து இராசாத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சார், கேதரின் ஆறடி ஒசரம். அது பொறப்புல வந்ததுதானே?"

"ஆமா."

"அவ காலு நீளம்னு யாரும் அவள நிறுத்தலயே. ஓடுற ஆம்பளைங்க இருபது பேர் முகாம்ல இருந்தாங்க. ஒருத்தன் வாயையாவது சொரண்டிப் பாத்தீங்களா?"

டெஸ்மண்ட் தான் தள்ளிய காகிதங்களை நேராக அடுக்கி வைத்தார்.

"நான் மருந்து தின்னல. கோட்ட தாண்டி ஓடல. யாரையும் தள்ளிவிடல. நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். டெஸ்மண்ட் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நீ ஒரு தப்பும் செய்யல. அதனாலதான் சொல்றேன். பயிற்சியில கால் சுளுக்கிக்கிச்சி, அதான் வரலன்னு பேப்பருக்குக் குடுத்துட்டோம். நாளைக்கி வந்துடும். நீ ரெண்டு வாரம் கொஞ்சம் நொண்டி நட. அவ்வளவுதான். உண்மை ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணம் காட்சின்னு ஒரு கொறையும் இல்லாம இருந்துடலாம்."

சொல்லிவிட்டுக் காப்பிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காடி திருப்பத்தில் மறைந்த பிறகும் இராசாத்தி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பேப்பரில் மூலையில் நான்கு வரி வந்தது. கணுக்கால் சுளுக்கால் கெடா வீராங்கனை விலகல். பாப்பம்மா உடனே மஞ்சளும் உப்பும் அரைத்துச் சூடாக்கி மகளுடைய வலது காலில் பத்துப் போட்டாள். வெள்ளைத் துணியால் முழங்கால் வரை சுற்றினாள். நல்ல காலில்.

ஆனால் அதற்குள் இன்னொரு பேச்சும் வந்து சேர்ந்துவிட்டது. பழனியாண்டி கரங்கான் கள்ளுக்கடையில் வாயை விட்டிருக்கிறான். ஞாயிறு காலை ஜெபத்துக்கு வந்த பெண்கள் என்னிடம் கண்ணைக் காட்டி, "என்னக்கா, பாப்பம்மா மகளுக்குக் காலுல சுளுக்கா, வேற எங்கியாச்சுமா?" என்றார்கள். குழாயடியில், சீனன் கடையில், எங்கும் அதே பேச்சு. பாதிப் பேர் சுளுக்கு என்றார்கள், பாதிப் பேர் மற்றதைச் சொன்னார்கள். திங்கட்கிழமை பெரட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் நொண்டினால் சுளுக்கு. நொண்டாவிட்டால் மற்றது. கணக்கு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நான் பாப்பம்மா வீட்டுக்குப் போனேன். இராசாத்தி கட்டுப்போட்ட காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"நொண்டிக் காட்டுடி, பாக்குறேன்," என்று பாப்பம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். "பெரட்டுத் திடல் வரைக்கும் நொண்டுனா போதும். ரெண்டே வாரம். அம்மாவுக்காக."

"ஒரு தடவ பட்டுப்பொடவ கட்டி உக்காந்தேன், உங்களுக்காக."

பாப்பம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆண்டவர் உன்னை இப்படித்தான் செய்தார், அவர் செய்ததில் பிழை இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் பக்கத்தில் அந்தத் தட்டைத் தூக்கி நின்றவளும் நான்தானே? அதனால், "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய் தங்கம்," என்று மட்டும் சொன்னேன்.

"நொண்டுனா என்ன ஆவும் ஆயாக்கா?"

"பேச்சு அடங்கிடும்."

"பொய்யா நொண்டணுமா?" என்று கேட்டுவிட்டுக் காலில் சுற்றிய துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்காலு எனக்கு ஒண்ணும் துரோகம் செய்யலக்கா. அதப் போயி ஒடஞ்சிடுச்சின்னு சொல்லச் சொல்றாங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டியதும் இல்லை.

திங்கட்கிழமை வழக்கம் போலக் கொட்டகைக்குப் போனேன். தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். யாரும் நின்று பேசவில்லை. எல்லாருக்கும் திடலுக்குப் போகும் அவசரம். மற்ற நாட்களில் ஆடி அசைந்து வரும் ஆண்கள் கூட அன்று முன்னாடியே வந்து விளக்குக் கம்பத்தடியில் நின்றார்கள். நான் இடுப்பில் ஒரு பிள்ளையும் தோளில் ஒரு பிள்ளையுமாக வாசலில் நின்றேன்.

லயத்துப் பாதையில் இராசாத்தி வருவது தெரிந்தது. தோளில் காண்டாக் கம்பு. அதன் இரு முனையிலும் வாளி. அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் பாப்பம்மா, கையில் சுருட்டிய வெள்ளைத் துணியோடு. மஞ்சள் கறை விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

கட்டு காலில் இல்லை.

இராசாத்தி நேராக நடந்து வந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வலது கால், இடது கால். திடலில் இருந்த எல்லாக் கண்ணும் அவள் பாதத்தையே பார்த்தன. என் தோளில் இருந்த பிள்ளை சிணுங்கியது, அதன் வாயை என் கழுத்தில் அழுத்திக்கொண்டேன்.

அவள் இடப்பக்கம் திரும்பிப் பெண்கள் வரிசையில், எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். அவளுக்கு வலது பக்கம் நின்ற இரண்டு பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த இடம் காலியாகக் கிடந்தது.

முருகையா சிவப்பு அட்டைப் புத்தகத்தை விரித்துப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருத்தியாக "ஐயா" என்றார்கள். இராசாத்தியின் பேர் வரும் இடத்தில் நிறுத்தினார். சிவப்புப் புத்தகத்தை மூடினார். நீலப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இராசாத்தி, உன்ன இன்னிக்கி எந்தப் புத்தகத்துல கூப்பிட?"

ஆண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. எவனோ விசில் அடித்தான். பாப்பம்மா அந்தத் துணியோடு அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

நான் ஓடிப்போய் அந்தக் காலி இடத்தில் நின்றிருக்க வேண்டும். என் பேர் அந்தப் புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன? ஆனால் போகவில்லை. பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்து மன்னிப்புக் கேட்கிறேன்.

"போன மாசம் எதுல கூப்பிட்டீங்க?" என்றாள் இராசாத்தி.

"போன மாசம் எங்களுக்கு வெவரம் தெரியாதே."

"எனக்கு அட்டை தரலங்கய்யா. எங் காலுல சுளுக்கு இல்ல. என் ஒடம்புல ஏதோ புள்ளி இல்லன்னு சொல்லிட்டாங்க. சடங்கும் பொய். வேற என்ன வெவரம் வேணும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. இப்படி எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முருகையா இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

அப்போது பெண்கள் வரிசையின் கோடியிலிருந்து மருதம்மாள் வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். பாப்பம்மாவைக் குத்திக் குத்திப் பேசியவள். அந்தச் சடங்குக்கே காரணமானவள்.

"யோவ் மண்டோரு, பேரக் கூப்பிடுறியா, இல்ல நாங்க காட்டுக்குப் போவட்டுமா? பொழுது ஏறுனா பாலு கட்டிக்கும். மரத்துக்கு என்ன தெரியும் வெட்டுறது எவ எவன்னு?"

"நீ சும்மா இரு மருதம்மா."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? நாலு வருசமா எம் பக்கத்து நெரையில வெட்டுறா. எங்கூடத்தான் மரத்துக்குப் பின்னால ஒதுங்கறா. அவ என்னான்னு உனக்கு நான் சொல்லணுமா, உம் பொஸ்தகம் சொல்லணுமா?" என்று சொல்லிக்கொண்டே தன் வாளிகளைத் தூக்கி வந்து அந்தக் காலி இடத்தில் டங்கென்று வைத்தாள். இராசாத்தியைப் பார்க்கவில்லை. "தள்ளி நில்லுடி, இடிச்சிக்கிட்டு நிக்கிறா," என்று வழக்கம் போல எரிந்து விழுந்தாள்.

நகர்ந்து போன இரண்டு பெண்களும் திரும்பி வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அதில் ஒருத்தி கடைசிவரை அவளோடு பேசவில்லை. இராசாத்திக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீடும் அந்த வாரமே ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டது. அந்தோணிதாஸ் வாத்தியார் ஓட்டப்பந்தயச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பினாங்கில் ஒரு டாக்டர் பின்னால் அவளைப் பார்த்து, இது நோயும் இல்லை, குற்றமும் இல்லை, பிள்ளை மட்டும் பிறக்காது, நீ பெண்தான் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. ஆனால் அதற்குள் அவள் ஓடும் வயது போய்விட்டது.

அன்று காலையில் முருகையா நீலப் புத்தகத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, சிவப்பு அட்டையை மறுபடி விரித்தார்.

"இராசாத்தி."

"ஐயா."

பெரட்டு கலைந்தது. பெண்கள் கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினார்கள். நான் வாசற்படியில் நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டுகிறவளுக்கு ஒரு பக்கத்து வாளி தாழ்ந்து தாழ்ந்து ஏறும். தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும். மேட்டில் ஏறும்போது அவள் ஓட ஆரம்பித்தாள். மரங்களுக்குள் மறையும் வரைக்கும் இரண்டு வாளியும் ஒரே மட்டத்தில் போயின.